பாய்லர் கதவுக்கு ஒரு கயிறு

காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் போய், பாய்லரின் அடுப்புக் கதவில் ஒரு பேருந்துச் சீட்டை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். சீட்டு வராமல் பிடித்துக்கொண்டால் கதவு நன்றாக மூடுகிறது என்று அர்த்தம். மேலே, கீழே, இரண்டு பக்கமும் அதே மாதிரி இழுத்துப் பார்த்த பிறகுதான் பல் துலக்குவது, காபி எல்லாம். "இன்னுமா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்பாள். நான் பதில் சொல்வதில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பாலக்கோட்டில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டவை. பின்னால் இடம் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் வெளியே நிற்கிற விறகு பாய்லர் எங்கள் வீட்டில் குளியலறைக்குள்ளேயே, மூலையில் ஒரு சிமெண்ட் மேடைமேல் நிற்கிறது. இடுப்பு உயரத்துக்கு ஓர் எவர்சில்வர் உருளை. அதன் அடியில் நெருப்பு எரிகிற அறை. அதற்குச் சிலேட்டு அளவில் ஓர் இரும்புக் கதவு. புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேலே போகிறது. நாங்கள் கீசர் வாங்காமல் இல்லை. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு, கீசருக்குள் சூடேறும் காயிலில் பாறையாகப் படிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கீசர்கள் போயின. பாய்லருக்கு அந்த வம்பு கிடையாது. எவ்வளவு உப்பு படிந்தாலும் விறகை வைத்தால் தண்ணீர் காயும்.

மார்கழிப் பனியில்தான் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெங்களூரில் வேலை, புருஷன் வீடும் அங்கேதான். முதல் பிரசவம் பொறந்த வீட்டில் என்று வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்பில் காற்று படக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். காதில் பஞ்சு, தலையில் துண்டு, ஜன்னல்கள் எந்நேரமும் சாத்தியே இருக்கும். குளியலறையில் கூரையை ஒட்டி ஒரு சின்ன வென்டிலேட்டர் உண்டு. என் மனைவி ஒரு பழைய புடவையை எடுத்துக் கொடுக்க, ஸ்டூல்மேல் ஏறி நான் அதை அடைத்தேன். கதவுக்கு அடியில் இருந்த சந்துக்கு ஒரு சாக்கை மடித்து வைத்தோம். கையை வைத்துப் பார்த்தேன். துளிக் காற்று வரவில்லை. திருப்தியாக இருந்தது. அடைத்துவிட்டேன் என்று மகளிடம் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

மறுநாள் காலை என் மனைவி அவளுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் குழந்தை அழுதது. "தாழ்ப்பாள போட்டுக்க கண்ணு, காத்தடிக்கும். மீதிய நீயே ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழந்தையைத் தூக்கினாள். நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறவன். ஹாலில் உட்கார்ந்து அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. ஒரு பையன் அக்பரையும் அசோகரையும் ஒரே வரியில் சண்டைபோட வைத்திருந்தான். அதைப் படித்து நான் சிரித்துக்கொண்டிருந்த நேரமாகக்கூட அது இருக்கலாம்.

குழந்தை தூங்கியதும் மனைவி போய்க் கதவைத் தட்டினாள். "கண்ணு." மறுபடியும் "கண்ணு." அடுத்த முறை கூப்பிட்டபோது அவள் குரல் வேறாக இருந்தது. விடைத்தாள் கட்டு மடியிலிருந்து சரிய, எழுந்து ஓடினேன்.

தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மகள் சுவரோரம் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்து கிடந்தாள். சொம்பு கையிலேயே இருந்தது. உள்ளே புகை இல்லை. கேட்பவர்கள் சலித்துக்கொண்டாலும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புகை இல்லை, கண்ணெரிச்சல் இல்லை, நாற்றம் இல்லை. பாய்லரின் அடியில் விறகு எரிந்து முடிந்து தணல் மட்டும் சிவப்பாக, பார்க்க அழகாகவே இருந்தது.

போர்வையில் சுற்றி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். "காத்து படுது, காத்து படுதுங்க" என்று அழுதபடி என் மனைவி போர்வையை இழுத்து இழுத்து அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் விலக்கிக்கொண்டிருந்தேன். நடுத்தெருவில் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஓர் இழுபறி. அந்தப் பனிக்காற்றில்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்த பிறகு நர்சம்மா என்னைத்தான் கேட்டார். "குளிக்கற எடத்துல நெருப்பு எரியுதாங்களா?"

"பாய்லருங்க."

"ஜன்னல் இருக்குதா?"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் வந்து, தணலிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது, மூடிய அறையில் அது ரத்தத்தில் ஏறிவிடும் என்று விளக்கினார். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்து, பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, அப்படியே விட்டுவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை நான் இதுவரை எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை வென்டிலேட்டரிலிருந்து புடவையைப் பிடுங்கியது. திரும்பவும் யாரும் எதையும் திணிக்க முடியாதபடி கம்பிவலை வைத்து ஆணி அடித்தேன். புகைக்குழாயைக் கழற்றித் தட்டினேன். ஒரு வாளி நிறையக் கரி விழுந்தது. பிறகு பாய்லரின் முன்னால் உட்கார்ந்து அந்த இரும்புக் கதவை மூடிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒட்டியது, மறுபக்கம் விரல் நுழைகிற சந்து.

"வித்துப்புடலாம்" என்றேன்.

"வித்துட்டு?" என்றாள் மனைவி. "ரெண்டு கீசரு வாங்கி ரெண்டும் பேரீச்சம்பழத்துக்குப் போயாச்சு. தொட்டில் போடற அன்னிக்கு இவளுக்குத் தலைக்கு ஊத்தணும், பாப்பாவுக்கு ஊத்தணும். சம்பந்தி வூட்டுக்காரங்க அத்தன பேரு வர்றாங்க. இந்தப் பனியில பச்சத்தண்ணியவா எடுத்துக் குடுப்பீங்க?"

"கேஸ்ல காய வெச்சுக்கலாம்."

"சிலிண்டரு புக் பண்ணிட்டு நானும் வாசலையே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அண்டா தண்ணிய கேஸ்ல வெச்சா அது எத்தன நாளைக்கு வரும்?"

பாய்லரை எரிக்காமலே விட்டுவிடலாம்தான். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் அது அங்கே நிற்கிறவரை, நான் பள்ளிக்குப் போன நேரத்தில் யாராவது ஒருவர் அவசரத்துக்கு இரண்டு விறகை வைத்துப் பற்றவைப்பார்கள். என் மனைவி வைக்காவிட்டால் அவளுக்கு உதவிக்கு வருகிற யாராவது. பத்தாம் வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பி எழுதும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்பு. பாடத்தின் நடுவில் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போடுவேன். "எரியலைங்க, எரியலை. போய்ப் பாடத்த நடத்துங்க" என்பாள். எரிவதானாலும் எரியட்டும், ஆளைக் கொல்லாமல் எரியட்டும் என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன்.

மகள் உள்ளறையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்பா, அந்த அடுப்புக் கதவு மூடவே மூடாது. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கறேன். அத மொதல்ல மூடற மாதிரி பண்ணுங்க. பண்ணீங்கன்னா தொட்டிலன்னிக்கு நான் உள்ள போறேன். இல்லன்னா அவர வரச்சொல்லி பெங்களூருக்கே கெளம்பிடறேன். இவள வெச்சுக்கிட்டு என்னால பயந்துக்கிட்டே இருக்க முடியாதுப்பா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஆட்டோ பிடிக்கச் சொல்வது போல அமைதியாகச் சொன்னாள். தன் வீட்டுக் குளியலறைக்குள் போக என் பெண் பயப்படுகிறாள் என்பதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் மனைவியின் வைத்தியம். களிமண்ணில் சாம்பலைக் குழைத்துக் கதவின் விளிம்பெல்லாம் பூசினாள். ஈரம் இருக்கும்வரை அருமையாக ஒட்டியது. நெருப்பு வைத்துச் சோதித்தபோது காய்ந்து வெடித்து, பிஸ்கட் துண்டுகள் போலத் தரையில் உதிர்ந்தது. அடுத்தது என் வைத்தியம். அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. குக்கரின் ரப்பர் வளையத்தை வெட்டிக் கதவுக்குள் வைத்து ஒட்டினேன். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"குக்கருக்கு விசிலு வரலைன்னு நான் தவிக்கறேன், இவரு பாய்லருக்கு வளையல் போட்டு அழகு பாக்கறாரு" என்று என் மனைவி அடுத்த வீட்டம்மாவிடம் சொல்வது கேட்டது. சொல்லட்டும் என்று விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் யாரையாவது கேலி செய்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

நெருப்பு தாங்கும் கயிறு என்று ஒன்று உண்டு, பெரிய பாய்லர்களின் கதவுக்கெல்லாம் அதைத்தான் வைப்பார்கள் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். உள்ளூர்க் கடையில் கேட்டேன். எப்போதோ வாங்கிப்போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை எடுத்துக் காட்டினார்கள். அதைப் படம்பிடித்து மகளுக்கு அனுப்பினேன். "வேணாம்ப்பா, அது தூசி நெஞ்சுக்கு ஆவாது. கிளாஸ் ஃபைபர் கயிறுன்னு கேளுங்க" என்று பதில் வந்தது. கேட்டால் கடைக்காரர் தருமபுரிக்குப் போகச் சொன்னார். மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார், பைப் சாமான்கள் விற்கிற ஒரு கடையில் அது இருந்தது. வெள்ளை வெளேரென்று, பின்னிய சடை மாதிரி, சுருள் சுருளாகத் தொங்கியது.

"எத்தன எம்எம் சார்?" என்றார் கடைக்காரர்.

"பாய்லர் கதவுக்குங்க."

"அது சரிங்க, சந்து எவ்ளோ இருக்குது? சன்னமா வெச்சீங்கன்னா ஒழுகும், தடியா வெச்சீங்கன்னா கதவே சாத்தாது."

விரலைக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "அளந்துக்கிட்டு வாங்க சார், இங்கயேதான் இருப்பேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே யோசனை. மூடிய கதவுக்குள் இருக்கிற சந்தை எப்படி அளப்பது? வீட்டுக்கு வந்தபோது மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு உருண்டையைக் கேட்டு வாங்கினேன். திரியாக உருட்டி, கதவின் உள்விளிம்பில் வைத்து, கதவை அழுத்தி மூடித் திறந்தேன். எங்கே சந்து அதிகமோ அங்கே மாவு தடியாக நின்றது, இல்லாத இடத்தில் அப்பளமாக நசுங்கியது. ஸ்கேலை வைத்து அளந்தேன். மேல்பக்கம் ஓர் அளவு, கீழ்ப்பக்கம் அதில் பாதி. கதவே கோணல்.

"மாவ திருப்பிக் குடுத்துருங்க, ராத்திரிக்குப் பத்தாது" என்றாள் மனைவி.

"கரி ஒட்டியிருக்குது."

"உங்களுக்கே சுட்டுப் போடறேன்."

கோணல் கதவுக்கு எந்தக் கயிறும் பொருந்தாது. கீல் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, கதவைக் கூடையில் போட்டுக்கொண்டு தக்காளி மண்டிக்குப் போகிற சாலையில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். டிராக்டர் டிரெய்லர்களுக்கு நடுவில் என் கதவு பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. அதைத் தட்டி நிமிர்த்த வேண்டும், கயிறு உட்கார உள்பக்கம் சுற்றிலும் ஒரு காடிப் பள்ளம் வேண்டும், கொண்டி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல வெல்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், இத சாத்திக்கிட்டு நீங்க என்னா ராக்கெட்டா வுடப்போறீங்க?"

"தண்ணி காயணும்."

"தண்ணி காயறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ டைட்டு? எங்க வூட்டு பாய்லருக்குக் கதவே கெடையாது. எப்பவோ கழண்டு வுழுந்துச்சு."

"உங்க வூட்டுல பாய்லர் எங்க இருக்குது?"

"வெளிய, மாட்டுக்கொட்டாய் பக்கத்துல."

என் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று சொன்னேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். புகை இல்லை என்பதையும் விடாமல் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, டிரெய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என் கதவை முதலில் எடுத்தார். முடித்துக் கொடுக்கும்போது மட்டும், "கீழ சாம்பல் வுழற ஓட்டைய அடைச்சுடாதீங்க சார். அது வழியாத்தான் காத்த இழுக்கும். அடைச்சீங்கன்னா நெருப்பு செத்துரும்" என்றார்.

மறுபடி தருமபுரி, மறுபடி அந்தக் கடை. "அளந்தாச்சுங்களா?" என்றார் கடைக்காரர். சப்பாத்தி மாவு கதையைக் கேட்டுவிட்டு, ஒட்டுகிற பசையை எப்படிப் பூசுவது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். கயிற்றை இழுத்து ஒட்டக்கூடாது, இழுத்தால் மெலிந்துவிடும். தளர்வாக வைத்து அழுத்த வேண்டும். ஆரம்பமும் முடிவும் சேரும் இடம் கீல் பக்கம் வரட்டும்.

ஒட்டினேன். பசை காய்வதற்குள் கதவைப் போய்ப் போய்ப் பார்த்தேன். காய்ந்ததும் சட்டைப்பையிலிருந்த தருமபுரி பஸ் சீட்டை எடுத்து வைத்து மூடி இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், சீட்டு கிழிந்தது. கொஞ்சம் தேங்காய் நாரும் இரண்டு சிரட்டையும் போட்டுப் பற்றவைத்து, கதவைச் சாத்தி, கொண்டியை இறக்கி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் விளிம்போரமாகச் சுற்றிக் காட்டினேன். எங்கேயும் ஊதுபத்திப் புகை வெளிப்பக்கம் தள்ளப்படவில்லை, நேராகவே எழுந்தது. மகளைக் கூப்பிட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசற்படியோடு நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

தொட்டில் நாள் காலை. சம்பந்தி வீட்டார் விடியலிலேயே காரில் கிளம்பிவிட்டார்கள். அன்று பாய்லரை நானே பற்றவைப்பேன் என்று முன்னதாகவே சொல்லிவிட்டேன். என் மனைவி சுவரோரம் புளிய விறகும் தென்னை மட்டையும் அடுக்கி வைத்திருந்தாள். சிறுவயதிலிருந்து எங்கள் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்ததோ அப்படியே, நல்ல நீளமான கட்டைகளாகப் பார்த்து எடுத்து, முனையை மட்டும் உள்ளே விட்டு, மட்டையால் பற்றவைத்தேன். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் காய்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. வென்டிலேட்டர் திறந்திருக்கிறது, புகைக்குழாய் சுத்தம், கதவுக்குப் புதுக் கயிறு. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். பாய்லரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"என்னா?"

"அந்தக் கதவ சாத்தறதுக்குத்தானே இத்தன நாளா தருமபுரிக்கும் பட்டறைக்கும் அலைஞ்சீங்க? சாத்துங்க பாக்கலாம்."

குனிந்து கதவைத் தள்ளினேன். விறகில் இடித்து நின்றது. விறகு ஒரு கை நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு அகலத் திறந்தபடி ஒரு பக்கம் தொங்க, அதன் உள்பக்கம் அந்தக் கயிறு கடையில் வாங்கியபோது இருந்த அதே வெள்ளையில், ஒரு பொட்டுக் கரியில்லாமல் இருந்தது.

அந்தக் கதவு என்றைக்கு மூடியிருந்தது? பாய்லர் வந்த நாளிலிருந்து யோசித்துப் பார்த்தேன். அம்மா வீட்டு அடுப்பில், மனைவி வீட்டு அடுப்பில், எங்கள் தெருவில் எந்த வீட்டு அடுப்பில் விறகு முழுதாக உள்ளே போயிருக்கிறது? நீளக் கட்டையை வெளியே நீட்டி வைத்துத் தள்ளித் தள்ளி எரிப்பதுதான் எரிப்பது. அன்றைக்கு மகள் உள்ளே இருந்தபோதும் கதவு திறந்துதான் இருந்திருக்கும். கோணலோ சந்தோ ஒன்றும் இல்லை. கதவே இல்லாத மாதிரிதான். அதற்கு நான் சப்பாத்தி மாவு வைத்து அளவெடுத்திருக்கிறேன்.

தலையில் துண்டோடு மகள் வாசற்படியில் வந்து நின்றாள். நீட்டிக்கொண்டிருந்த விறகையும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்து முதலில் சிரித்துவிட்டாள். மனைவியும் சிரித்தாள். பிறகு மகள் சிரிப்பை விட்டுவிட்டு, "அதாம்ப்பா நான் சொன்னேன், மூடவே மூடாதுன்னு" என்றாள். அவள் கண் விறகின் முனையில் சிவந்திருந்த தணலில் நின்றது. ஓரடி பின்னால் போனாள்.

எழுந்து, எரிந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வாசலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினேன். வீடு முழுக்கப் புகை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, கிருஷ்ணகிரி தாண்டிட்டோம்." சரிங்க, வாங்க என்றேன். அரிவாளை எடுத்து ஒரு புளியங்கட்டையை வெட்டினேன். சில்லுச் சில்லாகத் தெறித்ததே தவிரத் துண்டாகவில்லை. வாசலில் நின்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தேன். தெருமுனையில் தச்சுப் பட்டறையில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது.

"துண்டுக் கட்டை இருக்குதுங்களா?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"எதுக்குங்க சார்?"

"எரிக்க. எல்லாம் ஒரு சாணுக்குள்ள இருக்கணும். பெயின்ட் அடிச்சது, பிளைவுட்டு வேணாம்."

"சாரு விறகுலயும் சைசு பாக்கற அளவுக்கு வந்துட்டாரு" என்றார் பட்டறைக்காரர். ஆனாலும் ஒரு சாக்கு நிறையப் போட்டுக் கொடுத்தார். நானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். பாய்லரின் முன்னால் கொட்டி, ஒவ்வொரு துண்டாகச் சாண் வைத்துப் பார்த்து, நீண்டதை எல்லாம் ஓரமாக எறிந்தேன். அடுக்கிப் பற்றவைத்து, கதவைச் சாத்தினேன். இந்த முறை முழுசாகச் சாத்தியது. கொண்டியை இறக்கினேன். கயிறு நசுங்குகிற ஒரு மெல்லிய சத்தம். சட்டைப்பையில் இருந்த கடைசிப் பஸ் சீட்டு அதில் மாட்டிக்கொண்டு நின்றது.

சின்னத் துண்டுகள் சீக்கிரம் எரிந்துபோகும். திறந்து திறந்து போட வேண்டும். அதனால் ஒரு விதி வைத்தேன். தண்ணீர் முழுக்கக் காய்ந்து நெருப்பும் தணிந்த பிறகுதான் குளிக்கப் போக வேண்டும். போன பிறகு யாரும் அடுப்புக் கதவைத் தொடக்கூடாது. தண்ணீர் ஆறிப்போனால் குளியல் முடிந்தது.

"கலெக்டர் உத்தரவு" என்று முணுமுணுத்துவிட்டு, குழந்தையை அடுத்த வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்த மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள். மகள் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். மேலே வென்டிலேட்டரைப் பார்த்தாள், அடுப்புக் கதவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். தாழ்ப்பாள் பிய்ந்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நான் வெளியே நின்றேன். "பேசிக்கிட்டே இருங்க" என்றேன்.

"என்னாத்த பேசறது?" என்றது மனைவியின் குரல். "இப்ப எண்ண வெக்கறேன். இப்ப சீயக்கா போடறேன். போதுமா? இப்ப முதுக தேய்க்கறேன்."

"நீ பேசுமா" என்றேன் மகளை.

"அப்பா, கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்குது."

"அப்ப அதே மாதிரி சொல்லு."

தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இழுத்து இழுத்துச் சொல்கிற அதே ராகத்தில், "உள்ளேன் ஐயா" என்றாள். மனைவி கெக்கலித்துச் சிரித்தாள். நான் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கூப்பிட்டேன். "உள்ளேன் ஐயா." மறுபடி. "உள்ளேன் ஐயா. கண்ணுல சீயக்கா. கொஞ்ச நேரம் சும்மா இருங்க ஐயா."

சம்பந்தி வீட்டார் வந்து சேர்ந்தபோது அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். தொட்டில் போட்டார்கள். வந்த அத்தனை பேருக்கும் சுடுதண்ணீர் கிடைத்தது. அத்தனை பேரும் குளித்து முடிக்கும்வரை நான் அந்தக் கதவுப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். சம்பந்தி ஒருமுறை எட்டிப் பார்த்து, "நீங்க வந்து ஒக்காருங்க, எங்களுக்கு முதுகு தேய்க்க ஆள் வேணாம்" என்றார்.

அவள் பெங்களூருக்குப் போகவில்லை. இன்னும் சில வாரம் இருக்கிறேன் என்றாள். அதற்கு மூன்று நான்கு நாள் கழித்து ஒரு காலையில், பாய்லர் விறகைச் சாண் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, பாத்ரூம் தாழ்ப்பாள் எப்ப மாட்டுவீங்க?"

"மாட்டலாம்."

"வாங்கிட்டு வந்து அலமாரியில வெச்சிருக்கீங்க, பாத்தேன்."

வாங்கித்தான் வைத்திருந்தேன். திருகாணி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. அந்த அடுப்புக் கதவை இறுக மூட வைக்க ஊரெல்லாம் அலைந்தவனுக்கு இந்தக் கதவை மூட வைக்க மனசு வரவில்லை. "எதுக்கும்மா, அம்மாதான் கூட இருக்கறாளே" என்றேன்.

"அம்மா இல்லாம குளிக்கணும்ப்பா. நானா ஒருநாள் தனியா குளிக்கலன்னா, இனி எங்கயும் குளிக்கமாட்டேன்."

மாட்டினேன். பழைய ஓட்டைகள் பெரிதாகிவிட்டதால் கொஞ்சம் கீழே இறக்கி மாட்ட வேண்டியிருந்தது. முடித்ததும் வெளியே வந்தேன். அவள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே நின்றேன். தண்ணீர் சொம்பு சொம்பாக விழுந்தது. நின்றது. விழுந்தது. அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. சோப்புப் போடுகிற நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருக்காது என்றும் நினைத்தேன். கதவைத் தட்டக் கையை எடுத்தேன்.

"உள்ளேன் ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் கூப்பிடவே இல்லை.

கையை இறக்கிக்கொண்டேன். ஆனால் அவள் வெளியே வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.